மிதவை விமானம்

தென்காசிக்கு அருகே உள்ள சுந்தரபாண்டியபுரம் வளம் மிக்க சிற்றூர். மேற்கே குற்றால மலைத்தொடர் நீலத்திரை போல் நிற்கும். ஊரைச் சுற்றிலும் வயல்களும் தோட்டங்களும் விளங்கும். ஆனி, ஆடித் திங்கள்களில் மலையைக் கடந்து வரும் காற்று மெல்லிய சாரலைத் தூவிச் செல்லும். அக்காலத்தில் சூரியகாந்தித் தோட்டங்கள் மஞ்சட் பட்டு விரித்தாற்போல் பூத்திருக்கும். அவற்றைக் காண வெளியூரினர் பலர் வருவர். இவ்வூரிலிருந்து எத்திசையில் நோக்கினும் கடல் தெரியாது. ஆயினும், நூறு ஆண்டுகளுக்கு முன் இந்துமாக் கடலின்மேல் பறந்த ஒரு விமானத்தின் சிறு வடிவம் இவ்வூர்த் தச்சர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உருப்பெற்றது. அதனைச் செய்தவர் இருவர். ஒருவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். மற்றவன் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய பேரன்.

முதியவர் வண்டிச் சக்கரமும் ஏரும் கதவு நிலையும் செய்து பெயர் பெற்றவர். மாட்டு வண்டிகள் அருகிய பின்னர் அவருடைய உளிகள் பெரும்பாலும் பெட்டியிலேயே கிடந்தன. பேரனோ வரலாற்றுப் பாடத்தில் பேரார்வம் உடையவன். ஒருநாள் பள்ளியில் ஆசிரியர் முதல் உலகப் போரைப் பற்றிக் கூறினார். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியதனை மாணவர் பலரும் அறிந்திருந்தனர். அஞ்சத்தக்க ஆற்றலும் தந்திரமும் உடையவனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் அன்று தோன்றி இன்றும் தமிழில் நிலைத்திருக்கிறது. "எம்டனுக்குப் பின்னர் மற்றொரு கப்பலும் நம் கடலுக்கு வந்தது. அதன் பெயரை நம்மவர் அறியார், ஏனெனில் அது இருளில் வந்து இருளில் மறைந்தது" என்று ஆசிரியர் தொடர்ந்து கூறிய வரலாறு மாணவனின் உள்ளத்தைக் கவர்ந்தது.

அக்கப்பலின் பெயர் 'வோல்ஃப்'. ஜெர்மன் மொழியில் அதற்கு ஓநாய் என்பது பொருள். அது முதலில் 'வாக்ட்ஃபெல்ஸ்' என்னும் பெயருடன் சரக்கு ஏற்றிச் சென்ற கப்பல். போர் மூண்டபின் அதனுள் பீரங்கிகளையும் கண்ணிவெடிகளையும் மறைத்துவைத்து, வெளித்தோற்றத்தில் சரக்குக் கப்பலாகவே விட்டுவைத்தனர். கார்ல் ஆகஸ்ட் நெர்கர் என்பவர் அதன் தலைவர். 1916-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட வோல்ஃப், 1918-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள்தான் அங்கே திரும்பி வந்தது. இடையில் கழிந்தவை 451 நாள்கள். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்நெடும்பயணத்தில் அது ஒரு துறைமுகத்தையும் நாடவில்லை. வழியிற் கைப்பற்றிய கப்பல்களின் நிலக்கரியையும் உணவையும் கொண்டே காலம் கழித்தது.

1917-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வோல்ஃப் கொழும்புக்கு அருகிலும் பம்பாய்க்கு அருகிலும் கடலில் கண்ணிவெடிகளை இட்டுச் சென்றது. பிப்ரவரி 17-ஆம் நாள் உவூஸ்டர்ஷையர் என்னும் கப்பலும், 21-ஆம் நாள் பெர்சியஸ் என்னும் கப்பலும் கொழும்புக்கு அருகே வெடியில் சிக்கி மூழ்கின. கண்ணிவெடி தன்னை இட்டவனோடு போய்விடுவதில்லை. தன்னைத் தீண்டுபவனை எதிர்நோக்கி ஓசையின்றிக் கிடப்பது. நான்கு திங்கள்களுக்குப் பின்னர், ஜூன் 23-ஆம் நாள், மங்கோலியா என்னும் பயணிகள் கப்பல் பம்பாய்க்கு அருகே அவ்வாறே அழிந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வேளையில் வோல்ஃப் பசிபிக் பெருங்கடலில் உலவிக்கொண்டிருந்தது.

வோல்ஃப் விரைந்து செல்லும் ஆற்றல் உடையதன்று. எதிரியின் போர்க்கப்பல் தன்னைக் காணுமுன் தான் அதனைக் காணவேண்டும்; சரக்குக் கப்பல் தப்பி ஓடுமுன் அதனை நெருங்கவேண்டும். இதற்குத் தொலைவில் நோக்கும் கண் ஒன்று தேவைப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில், கப்பலின் கம்பத்து உச்சியில் நிற்பவனுக்குத் தொடுவானம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலேயே முடிந்துவிடும். 1,000 மீட்டர் உயரத்தில் பறப்பவனுக்கோ அது 110 கிலோமீட்டருக்கும் அப்பால் விரியும். எனவே, ஒரு மிதவை விமானத்தை வோல்ஃப் தன்னுடன் கொண்டு சென்றது. மாலுமிகள் அதற்கு 'வோல்ஃப்கென்' என்று செல்லப்பெயர் இட்டனர். ஓநாய்க்குட்டி என்பது அதன் பொருள்.

சக்கரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் தோணி போன்ற மிதவைகளைத் தாங்கி, நீரில் ஓடி எழுந்து நீரிலேயே வந்து அமர்வது மிதவை விமானம். பறக்கும் படகு என்பது வேறு. அதன் உடலே படகாக அமைந்து நீரில் மிதக்கும். இரண்டாம் உலகப் போரின்போது சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியில் வந்திறங்கிய கேட்டலினா விமானங்கள் இப்பிற்கூறிய வகையைச் சார்ந்தவை. மிதவை விமானத்தை முதன்முதலில் வெற்றியுடன் பறக்கச் செய்தவர் ஆன்றி ஃபாபர் என்னும் பிரெஞ்சுக்காரர். 1910-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், தென் பிரான்சில் மார்த்தீக் என்னும் ஊருக்கு அருகே உள்ள உப்பங்கழியில் அவர் தம் பொறியைச் செலுத்தி ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் பறந்தார். அதற்கு முன் அவர் எந்த விமானத்தையும் ஓட்டியவர் அல்லர் என்பது வியப்புக்குரியது. அதே 1910-ஆம் ஆண்டில்தான் சென்னையில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்பவர் தாம் உருவாக்கிய விமானத்தை மக்கள் காணப் பறக்கவிட்டார்.

ஃபாபர் பறந்து ஏழாண்டு நிறையுமுன் ஓநாய்க்குட்டி இந்துமாக் கடலில் இறங்கியது. ஜெர்மனியின் தென்கோடியில் உள்ள போடன் ஏரிக்கரையில், தியோடர் கோபர் என்பார் 1912-ஆம் ஆண்டில் நிறுவிய ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் விமானத் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. மேலும் கீழுமாக ஈரடுக்குச் சிறகுகளும் இருவர் அமரும் இடமும் உடையது. சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 16.75 மீட்டர், மூக்கு முதல் வால் வரை 10.45 மீட்டர். சட்டம் மரத்தால் ஆயது. மேலே துணி போர்த்தப்பட்டது. ஷ்டைன், ஃபாபெக் என்னும் இருவர் அதில் பறந்தனர். பறக்காத வேளையில் அதன் உறுப்புகளைக் கழற்றிக் கப்பலின் அடியறையில் மறைத்து வைப்பர். தேவை நேர்ந்தபோது மேல்தளத்தில் வைத்துப் பூட்டிப் பாரந்தூக்கியால் கடலில் இறக்குவர். வெப்பமும் உப்புக் காற்றும் மரத்தையும் பசையையும் துணியையும் தளர்த்தும். மாலுமிகள் அவற்றை மீண்டும் மீண்டும் செப்பனிடுவர். 1917-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், பசிபிக் கடலில் சண்டே தீவுக்கு அருகே, உவைருனா என்னும் சரக்குக் கப்பலின்மேல் அது தாழப் பறந்து ஆணை எழுதிய தாளைப் போட்டது. முன்னால் ஒரு குண்டையும் வீசியது. அக்கப்பல் பணிந்தது. செப்டம்பர் 26-ஆம் நாள், கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சென்ற ஹிட்டாச்சி மாரு என்னும் ஜப்பானியக் கப்பல் மாலத்தீவுகளுக்கு அருகே சிக்கியபோதும் ஓநாய்க்குட்டி வானில் வட்டமிட்டது. அன்று பீரங்கிக் குண்டுகளால் பலர் மாண்டனர்.

இவ்வரலாற்றைக் கேட்டு வந்த மாணவன், பள்ளியின் அறிவியற் கண்காட்சிக்கு ஓநாய்க்குட்டியின் மாதிரியைச் செய்து வைக்க விரும்பினான். பிளாஸ்டிக் உறுப்புகள் அடங்கிய பெட்டிகளை வாங்கி ஒட்டி இத்தகைய மாதிரிகளைச் செய்வோர் உலகெங்கும் உண்டு. ஆனால் அப்பெட்டிகள் விலை மிக்கவை. "தாத்தா, மரத்தினாலேயே இதனைச் செய்ய இயலுமா?" என்று அவன் வினவினான். முதியவர் படத்தை நெடுநேரம் நோக்கினார். "ஐயா, மனிதன் மரத்தால் செய்ததை மனிதன் மரத்தால் செய்ய இயலாதா? முதலில் அளவைச் சொல்" என்றார்.

அளவுத்திட்டம் இருபத்தைந்தில் ஒன்று என்று முடிவு செய்யப்பட்டது. அதாவது, உண்மை விமானத்தின் 25 சென்டிமீட்டர் மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் ஆகும். 16.75 மீட்டர்ச் சிறகு 67 சென்டிமீட்டராகவும், 10.45 மீட்டர் நீளம் 41.8 சென்டிமீட்டராகவும் குறுகின. பேரன் பெரிய தாளில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் காணும் தோற்றங்கள் மூன்றையும் வரைந்தான். முதியவர் கல்யாண முருங்கைக் கட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது செதுக்குவதற்கு எளிதாயும் கனமற்றதாயும் இருக்கும். இருபது நாள்களில் உடல், சிறகு, வால், மிதவை யாவும் உளிக்கும் அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் பணிந்து வடிவம் பெற்றன. பூட்டி நிறுத்தியபோது தெருவார் வந்து கண்டு வியந்தனர்.

ஆனால் மாணவனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. மிதவை விமானத்தின் மாதிரி மிதக்குமா? அவன் ஆசிரியரிடம் சென்று கணக்கிட்டான். நீளம் 25-இல் ஒரு பங்காகக் குறையும்போது பரப்பு 25 × 25, அதாவது 625-இல் ஒரு பங்காகக் குறையும். கன அளவோ 25 × 25 × 25, அதாவது 15,625-இல் ஒரு பங்காகிவிடும். மிதவைகள் விலக்கும் நீரின் அளவும் அவ்வாறே குறையும். ஆதலால் மாதிரியின் எடையும் 15,625-இல் ஒரு பங்காக இருந்தால்தான் உண்மை விமானம் நீரில் எவ்வளவு அமிழ்ந்ததோ அவ்வளவே மாதிரியும் அமிழும். பறக்கும் நிலையில் ஓநாய்க்குட்டியின் எடை ஏறத்தாழ 1,600 கிலோகிராம். அதனை 15,625-ஆல் வகுத்தால் கிடைப்பது நூறு கிராமுக்குச் சற்றே மிகுதி. திண்ணையில் நின்ற மாதிரியைத் தென்காசி நகைக்கடைத் தராசில் வைத்தபோது அது 230 கிராம் காட்டியது.

மாலையில் இருவரும் மாதிரியை ஊர்க்குளத்துக்கு எடுத்துச் சென்றனர். மாணவன் அதனை மெல்ல நீரில் விட்டான். மிதவைகள் இரண்டும் முற்றும் மூழ்கின, கீழ்ச்சிறகு நீரின்மேல் படிந்தது, மூக்கு கவிழ்ந்தது. அவன் விரைந்து அதனை எடுத்துத் துடைத்தான். வெளிறிய முகத்துடன், "தாத்தா, கண்காட்சியில் இது மேசையின்மேல்தானே நிற்கப்போகிறது? இதனை யார் நீரில் விட்டுப் பார்க்கப்போகிறார்கள்?" என்றான்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. கரையில் அமர்ந்து, நனைந்த மிதவையை விரலால் தடவிப் பார்த்தார். பின்னர், "மனிதர் கண்ணை ஏமாற்றிவிடலாம் ஐயா, தண்ணீரை ஏமாற்ற இயலுமா? இது மிதவாதென்று நீ அறிந்துவிட்டாய். அறிந்த பின்னும் இதற்கு மிதவை விமானம் என்று பெயர் எழுதி வைப்பாயா?" என்றார். பேரன் தலைகுனிந்தான். இருபது நாள் உழைப்பை விட்டுவிடுவதற்கு முதியவருக்கும் மனம் நொந்திருக்கவேண்டும். எனினும் மறுநாள் விடியலில் உளிப்பெட்டியை முதலில் திறந்தவர் அவரே.

இம்முறை அவர்கள் கட்டையைச் செதுக்கவில்லை. உண்மை விமானத்தைச் செய்தவர் சென்ற வழியிலேயே சென்றனர். உடலுக்கு மூங்கிலைச் சீவி நான்கு நீண்ட குச்சிகள் ஆக்கினர். அவற்றைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தபோது வைக்கோலினும் இலேசான கூடு ஒன்று அமைந்தது. சிறகுக்கு இலவமரத்தை மெல்லிய சீவல்களாக்கி, மேற்புறம் வளைந்த விலா எலும்புகளைப்போல் வெட்டி வரிசையாக நிறுத்தினர். முன்பு செய்த மிதவைகளின் வடிவம் செவ்வையாக இருந்தமையால் அவற்றை மட்டும் எறிந்துவிடவில்லை. நீளவாட்டில் அறுத்து, உட்புறத்தைக் குடைந்து எடுத்து, மீண்டும் ஒட்டி, இணைப்பின்மேல் மக்கு பூசி இழைத்தனர். நீர் உட்புகாதவாறு மூன்று முறை வார்னிஷ் தடவினர்.

மிதவையின் அடிப்புறத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னே, ஒரு சிறு படி இருக்கிறது. அதனைக் கண்ட முதியவர், "இது எதற்கு? அடிப்பாகம் வழவழப்பாக இருந்தால் விரைந்து ஓடாதோ?" என்று வினவினார். அதன் காரணத்தைப் பேரன் பாத்திரம் ஒன்றைக் கொண்டு விளக்கினான். நீர்ப்பரப்பில் படிந்த தட்டினை நேரே மேலே தூக்கினால் நீர் அதனைப் பற்றி இழுக்கும். ஓரத்தைச் சாய்த்துக் காற்றை உள்ளே விட்டால் அது எளிதில் விடுபடும். விமானம் நீரில் விரைந்து ஓடும்போது மிதவை மேலெழுந்து நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிச் செல்லும். அப்போது படியின் பின்னே காற்றுப் புகுந்து, நீரின் பிடியினின்றும் மிதவையை விடுவிக்கும். படி இல்லையேல் எஞ்சின் எவ்வளவு முயன்றாலும் எழுவது அரிது. "பிடியை விடச் செய்வதற்கு ஒரு படியா!" என்று முதியவர் மகிழ்ந்தார். வாள்முனையளவு நுண்மையுடன் அப்படியை அவரே திருத்தி முடித்தார்.

சிறகுகளைப் பூட்டுதல் எல்லாவற்றிலும் கடினமான பணியாயிற்று. மேற்சிறகையும் கீழ்ச்சிறகையும் சிறு தூண்கள் இணைக்கின்றன. தூண்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் செல்கின்றன. தூண் அழுத்தத்தைத் தாங்கும். கம்பி இழுப்பைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் எடை குறைந்த சிறகு பாலத்தைப்போல் உறுதி பெறும். மாதிரியில் கம்பிக்குப் பதிலாகக் கறுப்பு நூல் கட்டப்பட்டது. மாணவன் ஒருபுறத்து நூலை இறுகக் கட்டியபோது மறுபுறம் முறுக்கிக்கொண்டது. மறுபுறத்தை இழுத்தபோது முதற்புறம் தளர்ந்தது. சலிப்புற்ற பேரனை முதியவர் திண்ணையில் கிடந்த கயிற்றுக் கட்டிலின் அருகே அழைத்துச் சென்றார். "கட்டிலுக்குக் கயிறு இறுக்குபவன் ஒரு மூலையையே பிடித்து இழுத்தால் கட்டில் கோணிக்கொள்ளும். எதிரெதிர் மூலைகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி இறுக்கவேண்டும்" என்றார். அவ்வாறே செய்தபோது சிறகுகள் நேராக நின்றன. முதியவரின் கண்ணுக்கு நூல் தெரியவில்லை. பேரனின் விரலுக்கு முறை தெரியவில்லை. ஒருவர் சொல்ல ஒருவன் கட்ட, நான்கு மாலைகளில் அவ்வேலை நிறைவெய்தியது.

சட்டத்தின்மேல் மெல்லிய தாளைப் போர்த்தினர். தாளின்மேல் நீரைத் தெளித்தால் அது முதலில் தளரும். உலரும்போது சுருங்கிப் பறைத்தோல் போல் விறைக்கும். பின்னர் அதன்மேல் மெழுகெண்ணெய் போன்ற பூச்சினைத் தடவினால் அது ஈரத்தை ஏற்காது. உண்மை விமானத்தின் துணியையும் இத்தகைய பூச்சினாலேயே விறைப்பாக்கினர். ஆனால் அப்போது சாரற்காலம் தொடங்கிவிட்டது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தமையால் தாள் உலரவில்லை, பசை இறுகவில்லை. பொறுமையின்றி ஒருநாள் மாணவன் தடவிய பூச்சின்மேல் பால் சிந்தினாற்போல் வெண்படலம் படிந்துவிட்டது. அப்பகுதியைக் கிழித்து மீண்டும் போர்த்தவேண்டியதாயிற்று. அதன்பின் மரப்பெட்டி ஒன்றினுள் சிறு மின்விளக்கை எரியவிட்டு, அந்த வெம்மையில் உறுப்புகளை ஒவ்வொன்றாக உலர்த்தினர். வெயில் தோன்றிய நாளிலேயே பூச்சுத் தடவினர். கப்பலின் அடியறையில் ஈரத்தோடும் உப்போடும் போராடிய மாலுமிகளின் பாட்டினை அச்சிறுவன் அப்போதுதான் உணர்ந்தான்.

நிறம் தீட்டும் வேளையில் அவன் பளபளக்கும் செந்நிறத்தை விரும்பினான். ஆசிரியர் அதற்கு இசையவில்லை. "பழைய ஒளிப்படங்கள் கறுப்பு வெள்ளையானவை. அவை காட்டாத நிறத்தை அழகுக்காக ஏற்றலாகாது" என்றார். ஆதலால் பூச்சுத் தடவிய துணிக்குரிய இளமஞ்சள் நிறமும், மரத்துக்குரிய பழுப்பு நிறமுமே மாதிரிக்கு வாய்த்தன. அது முன்னதைப்போல் கண்ணைப் பறிக்கவில்லை. ஆயினும் கூர்ந்து நோக்குவார்க்குக் கூர்ந்து நோக்குந்தோறும் புதிதாக ஒன்றைக் காட்டியது.

புதிய மாதிரியின் எடை 108 கிராம். இருவரும் மீண்டும் குளக்கரைக்குச் சென்றனர். நீரில் விட்டபோது மிதவைகள் பாதியளவே அமிழ்ந்தன. ஆனால் மூக்கு சற்றே தாழ்ந்தது. எடை முன்னே மிகுந்திருந்ததனை உணர்ந்து, மிதவைகளை அரை விரற்கடை முன்னே நகர்த்திக் கட்டினர். மூன்றாம் முறை விட்டபோது, சாரற்காற்று எழுப்பிய சிற்றலைகளின்மேல் ஓநாய்க்குட்டி நேராக நின்று, மெல்லத் திரும்பிக் காற்றை எதிர்நோக்கியது. முதியவர் ஒன்றும் பேசவில்லை. மேல்துண்டினால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாணவன் ஒரு வினாவோடு ஆசிரியரிடம் சென்றான். "ஐயா, இவ்விமானம் கப்பல்களைப் பிடிக்கவும் அழிக்கவும் துணை செய்தது. இதன் மாதிரியைச் செய்து பெருமை கொள்ளுதல் தகுமா?" என்றான். ஆசிரியர், "பொறியைச் செய்த அறிவு போற்றத்தக்கது, அதனை ஏவிய நோக்கம் எண்ணத்தக்கது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தால் அது பாதி உண்மையாகிவிடும்" என்றார்.

அவன் அன்று இரவு மாதிரியின் அருகே வைப்பதற்கு ஓர் அட்டை எழுதினான். இடப்புறத்தில் விமானத்தின் நீளம், அகலம், எடை, அளவுத்திட்டம் ஆகியவற்றைக் குறித்தான். வலப்புறத்தில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் அருகே மூழ்கிய கப்பல்களின் பெயர்களையும் நாள்களையும் எழுதினான். அவற்றின் கீழே, 'கடல்வழி நடந்தோர் பலர் இப்போரில் மாண்டனர்' என்று ஒரு வரி சேர்த்தான். மறுநாள் மாதிரியைக் காண வந்தவர்கள் முதலில் இடப்புறத்தைப் படித்து வியந்தனர். பின்னர் வலப்புறத்தைப் படித்து அமைதியுற்றனர்.

கண்காட்சியில் மாதிரி மேசையின்மேல் வைக்கப்படவில்லை. நீர் நிறைந்த அகன்ற அண்டாவில் அது மிதந்துகொண்டிருந்தது. சிறுமி ஒருத்தி விரலால் நீரை அசைத்து, அது கவிழாமல் நிற்பதனைக் கண்டு கைகொட்டிச் சிரித்தாள். கூட்டத்தின் பின்னே நின்றிருந்த முதியவர் அதனைக் கண்டார். காணப்படாத உட்புறத்தைச் செம்மையாகச் செய்தவன் நீரில் விடுவதற்கு அஞ்சவேண்டியதில்லை. அத்தொழில் நெறியைப் பேரன் கற்றுக்கொண்டான் என்னும் நிறைவோடு அவர் வீடு திரும்பினார். திண்ணையில் உளிப்பெட்டி திறந்தே இருந்தது.

பயிற்சி

1. வோல்ஃப் கப்பலுக்கு மிதவை விமானம் தேவைப்பட்டமைக்குக் காரணம் யாது?

2. மிதவை விமானத்துக்கும் பறக்கும் படகுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

3. மிதவையின் அடியில் படி அமைப்பதன் பயனை விளக்குக.

4. அளவுத்திட்டம் ஐம்பதில் ஒன்றாயின், 1,600 கிலோகிராம் எடையுள்ள விமானத்தின் மாதிரி எத்தனை கிராம் இருத்தல் வேண்டும்? கணக்கிடுக.

5. "மனிதர் கண்ணை ஏமாற்றிவிடலாம், தண்ணீரை ஏமாற்ற இயலுமா?" இக்கூற்று உணர்த்தும் கருத்தை ஒரு பத்தி அளவில் எழுதுக.